டுலேரி ஏரி: நாலு அணை கட்டியும் 2023ல் திரும்ப வந்தது ஏன்?

வரப்பு (இழை தொடக்கம்)

கலிபோர்னியாவில் சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் தெற்குக் கோடியில் இருந்த டுலேரி ஏரி 1899 வாக்கில் அநேகமாக வற்றிப்போனது. ஏரித்தரை முழுக்கப் பருத்தி, தக்காளி, பிஸ்தா என்று விவசாயம் வந்துவிட்டது. அதே இடத்தில் 2023 மார்ச்சில் தண்ணீர் நிற்க ஆரம்பித்து, கோடைக்குள் ஏறக்குறைய 1,20,000 ஏக்கருக்குப் பரவியது. கணக்குப் பார்த்தால் சுமார் 485 சதுர கிலோமீட்டர்.

இது முதல் தடவையும் இல்லை. 1937-38, 1969, 1983, 1997 என்று வரிசையாக இருக்கிறது. நான் கேட்க வருவது மூன்று விஷயம். ஏரியில் விழும் நான்கு ஆறுகளிலும் அணை இருந்தும் எப்படி நிரம்பியது? தண்ணீரை வெளியே விட ஏன் வழியில்லை? கரையோர ஊர்களில் எது முங்கும், எது தப்பும் என்று யார் முடிவு செய்தார்கள்?

தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள். செய்திகளில் "பேய் ஏரி" என்று தலைப்புப் போட்டதைத் தாண்டி உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை.

---

கலிங்கு

இரண்டாவது கேள்வியில் இருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

எந்த ஏரியாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது கலிங்கு மட்டம், அதாவது உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் (மறுகால் பாயும்) உயரம். டுலேரிக்கு யாரும் கலிங்கு கட்டவில்லை, ஆறுகளே கட்டிவிட்டன. கிழக்கே சியரா நெவாடாவில் இருந்து இறங்கும் கிங்ஸ் ஆறு ஒரு வண்டல் விசிறியை (விசிறிபோல் பரவிய வண்டல் மேட்டை) தள்ளிக்கொண்டு வந்தது. மேற்கே கடலோர மலைத்தொடரில் இருந்து லாஸ் கேட்டோஸ் ஓடை இன்னொன்றைத் தள்ளியது. இரண்டும் பள்ளத்தாக்கின் நடுவில் முட்டிக்கொண்டதில் குறுக்கே ஒரு தாழ்ந்த மேடு உண்டானது. அதற்குத் தெற்கே இருப்பதெல்லாம் கிண்ணம்தான்.

ஏரித்தரை கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 180 அடி. மேட்டின் உச்சி சுமார் 207 அடி. அதாவது 27 அடி தண்ணீர் நின்ற பிறகுதான் மறுகால் பாய்ந்து வடக்கே சான் வாக்கீன் ஆற்றுக்கும், அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கும் போகும். அதுவரை வந்த தண்ணீர் வந்ததுதான், வெயில் குடித்தால்தான் உண்டு.

1850க்கும் 1878க்கும் இடைப்பட்ட 29 ஆண்டுகளில் 19 ஆண்டுகள் மறுகால் போயிருக்கிறது. 1861-62 பெருவெள்ளத்துக்குப் பிறகு நீர்மட்டம் 216 அடி வரை ஏறியது. பரப்பில் பார்த்தால் மிசிசிப்பிக்கு மேற்கே இதைவிடப் பெரிய நன்னீர் ஏரி அன்றைக்கு இல்லை. கடைசியாக மறுகால் போனது 1878ல்.

அதன்பிறகு ஏன் நின்றது? மழை குறைந்ததால் என்று எழுதுகிறார்கள், அரைகுறைக் காரணம் அது. 1873ல் வெட்டிய பீப்பிள்ஸ் டிச் மாதிரி ஏகப்பட்ட வாய்க்கால்கள் கிங்ஸ் ஆற்றுத் தண்ணீரை ஏரிக்கு வரும் முன்பே வயலுக்குத் திருப்பிவிட்டன. வரத்தை மேலேயே அடைத்துவிட்டால் கீழே எந்த ஏரி நிற்கும்?

---

பனிக்கணக்கு

முதல் கேள்விக்கு வருகிறேன். நாலு ஆறு, நாலு அணை என்ற கணக்கிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது.

கெர்ன் ஆற்றில் இசபெல்லா (1953), கிங்ஸில் பைன் பிளாட் (1954), டூலி ஆற்றில் சக்சஸ் (1961), கவீயாவில் டெர்மினஸ் (1962). சரி. ஆனால் டியர் கிரீக், ஒயிட் ரிவர், போசோ கிரீக் என்று மூன்று சிறிய ஓடைகளும் இதே கிண்ணத்துக்குள்தான் இறங்குகின்றன. அவற்றில் அணை கிடையாது.

2023 வெள்ளத்தை ஒரே நிகழ்வாகப் பார்க்காமல் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் கட்டம் மார்ச். வளிமண்டல ஆறு என்று சொல்லும் ஈரக்காற்றுப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வெதுவெதுப்பான மழை அடிவாரப் பனிமேல் விழுந்து, அணையில்லாத ஓடைகள் ஒரே இரவில் பொங்கின. சக்சஸ் அணையில் தண்ணீர் வழிந்தோடி வழியாக வெளியேறியது. ஆலன்ஸ்வொர்த் ஊரைச் சூழ்ந்தது இந்தத் தண்ணீர்தான்.

இரண்டாம் கட்டம் ஏப்ரல் கடைசியில் இருந்து ஜூலை வரை. இது பனி உருகிய நீர். ஏப்ரல் 1 அளவீட்டில் தெற்கு சியராவின் பனி சராசரியில் 300 விழுக்காடு. இந்தத் தண்ணீர் நிதானமாக, மாதக்கணக்கில் வரும். ஏரியைப் பெரிதாக்கியது இதுதான்.

இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டு "அணையை முன்கூட்டியே திறந்திருக்கலாமே" என்று எழுதுகிறவர்கள் ஏராளம். திறந்தால் அந்தத் தண்ணீர் போய் நிற்கும் இடமும் அதே ஏரிதான்.

---

வரப்பு

@பனிக்கணக்கு அப்படியானால் அணைகளால் பயனே இல்லை என்கிறீர்களா? பைன் பிளாட் சிறிய அணை ஒன்றும் இல்லையே.

---

பனிக்கணக்கு

பயன் இருக்கிறது. எண்களைப் பார்த்தால் எல்லை எதுவரை என்பதும் தெரியும்.

பைன் பிளாட் கொள்ளளவு 10 லட்சம் ஏக்கர்-அடி. (ஒரு ஏக்கர்-அடி என்பது 43,560 கன அடி, ஏறக்குறைய 1,233 கன மீட்டர்.) கிங்ஸ் ஆற்றின் சராசரி ஆண்டு வரத்து சுமார் 17 லட்சம். 1983, 2023 மாதிரி ஆண்டுகளில் 40 லட்சத்தைத் தாண்டிவிடும். அணையைச் சொட்டு மிச்சமில்லாமல் காலி செய்து வைத்திருந்தாலும் 30 லட்சம் ஏக்கர்-அடி கீழே வந்தே தீரும்.

கீழே வரும் தண்ணீருக்கு இரண்டு பாதை. கிங்ஸ் ஆறு வண்டல் விசிறிமேல் வரும்போது இரண்டாகப் பிரிகிறது. வட கிளை பிரெஸ்னோ ஸ்லூ, ஜேம்ஸ் பைபாஸ் வழியாக சான் வாக்கீன் ஆற்றுக்குப் போகிறது. தென் கிளை நேராக ஏரித்தரைக்கு. வெள்ளநீரை முதலில் வடக்கே தள்ளுவதுதான் வழக்கம். அந்தப் பாதை தாங்குவது விநாடிக்குச் சுமார் 4,750 கன அடி.

விநாடிக்கு ஒரு கன அடி ஓட்டம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1.98 ஏக்கர்-அடி. ஆக வடக்கே ஒரு நாளைக்கு அதிகபட்சம் 9,400 ஏக்கர்-அடி. நூறு நாள் முழுத்திறனில் ஓட்டினாலும் 9.4 லட்சம்தான். அதே வாரங்களில் சான் வாக்கீன் ஆறும் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தால் அந்த அளவையும் குறைக்கச் சொல்வார்கள். வாய்க்கால்களும் வயல்களும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிஞ்சியது தென் கிளையில் இறங்கும்.

மறுபக்கம் இருந்தும் சரிபார்க்கலாம். 1,20,000 ஏக்கருக்குச் சராசரியாக 5 அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால் 6 லட்சம் ஏக்கர்-அடி. உபரி மட்டும் 20, 30 லட்சம் வரும் ஆண்டில் 6 லட்சம் ஏரிக்குத் தப்பி வருவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

சாதாரண ஈர ஆண்டுகளில் ஏரி வராமல் அணைகள் தடுத்துவிட்டன. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் விளைவாக, பத்து இருபது ஆண்டு ஏரி கண்ணில் படாமல் போகிறது. அந்த இடைவெளியில் பழத்தோட்டம், பால்பண்ணை, சிறைச்சாலை எல்லாம் கட்டிவிடுகிறார்கள்.

ஒரு பக்கக் குறிப்பு: டெர்மினஸ் அணையின் வழிந்தோடியில் 2004ல் பியூஸ்கேட் என்ற கான்கிரீட் தொட்டிகளை வரிசையாக வைத்து நீர்மட்டத்தை 21 அடி உயர்த்தினார்கள். தண்ணீர் மிக அதிகமாக ஏறினால் அந்தத் தொட்டிகள் ஒவ்வொன்றாகத் தானே கவிழ்ந்து வழிவிடும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். அழகான பொறியியல், ஆனால் கீழே இருப்பவனுக்கு அது கவிழும் நாள் கெட்ட நாள்.

---

தூம்படி

மூன்றாவது கேள்விதான் இந்த இழையின் உயிர். எது முங்கும் என்பதை மண்ணின் மட்டம் பாதி தீர்மானிக்கிறது, கரை வைத்திருப்பவன் மீதியைத் தீர்மானிக்கிறான்.

ஏரித்தரை இன்று ஒரே வெளி இல்லை. மண் கரைகளால் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் தாழ்ந்த கட்டத்தை முதலில் நிரப்பி, அது நிறைந்ததும் அடுத்ததற்குத் திறப்பது சரியான முறை. ஆழமாக நிறுத்தினால் பரப்பு குறையும், முங்கும் ஏக்கரும் குறையும். சொல்வது எளிது. முதலில் நிரம்பும் கட்டத்தில் விதைத்திருப்பவன் அந்த ஆண்டு அறுவடை இழப்பான் என்பதால் ஒவ்வொரு வெள்ளத்திலும் சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

2023 மார்ச்சில் கிங்ஸ் கவுண்டி மேற்பார்வையாளர் குழு அவசரமாகக் கூடி, ஒரு கரையை வெட்டி ஜே.ஜி. பாஸ்வெல் நிறுவனத்தின் நிலத்துக்குள் தண்ணீரை விட உத்தரவு போட்டது. அந்தப் பகுதியிலேயே பெரிய நிலவுடைமை அந்த நிறுவனம்தான்.

பழைய கதை இன்னும் சுவாரசியம். 1969 வெள்ளத்தில் ஒரு பங்குத் தண்ணீரைத் தெற்கே பியூனா விஸ்டா ஏரித்தரைக்குத் திருப்பலாமா என்று டுலேரி ஏரிப் படுகை நீர்ச்சேமிப்பு மாவட்டம் என்ற நீர் நிர்வாக அமைப்பின் இயக்குநர் குழுவில் பேச்சு வந்தது. 6-4 என்று தோற்றது. அந்த அமைப்பில் வாக்கு நில உரிமையாளருக்கு மட்டும்தான், அதுவும் நிலத்தின் மதிப்புக்கு ஏற்ற எண்ணிக்கையில். குடியிருப்பவருக்கும் குத்தகைக்காரருக்கும் வாக்கே இல்லை. இதை எதிர்த்த சால்யர் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1973ல் அந்த முறை செல்லும் என்று தீர்ப்பானது. நீதிபதி டக்ளஸ் தன் மாறுபட்ட தீர்ப்பில் இந்த 1969 வாக்கெடுப்பை எடுத்துக்காட்டி, குழுவில் பெரும்பான்மையைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு பாஸ்வெல் நிறுவனத்திடம் வாக்கு இருந்ததையும், பியூனா விஸ்டாவில் அதற்குக் குத்தகை நிலம் இருந்ததையும் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

---

மண்வெட்டி

@தூம்படி நீங்க சொல்றது சரி, ஆனா பெரிய நிறுவனத்தை மட்டும் வில்லனாக்கிட்டுப் போனா படம் முழுமையாகாது. 2023ல் வெட்டச் சொன்னதும் அவங்க நிலத்தைத்தான். மேலே நாலு பக்கமும் சின்ன நில உரிமையாளர்களும் தங்கள் கரையைக் காப்பாத்த ராத்திரியோட ராத்திரியா மண் போட்டாங்க. ஒருத்தன் கரையை உசத்தினா தண்ணி பக்கத்து நிலத்துக்குத்தான் போகும்.

ஆலன்ஸ்வொர்த்தைப் பாருங்க. 1908ல் கர்னல் ஆலன் ஆலன்ஸ்வொர்த்தும் கூட இருந்தவங்களும் உண்டாக்கின ஊர். கறுப்பின மக்களே பணம் போட்டு, தாங்களே நிர்வாகம் பண்ணின முதல் கலிபோர்னிய ஊர் அது. ஊருக்குப் பக்கத்தில் ரயில் பாதை மேடா ஓடுது. தண்ணிக்கு அந்த மேடு ஒரு அணை மாதிரி. மேட்டுக்கு அடியில் இருக்கிற குழாய்ப் பாலம் வழியாத்தான் தண்ணி ஊர்ப் பக்கம் வரும். 2023ல் ஊர்க்காரங்க அந்தக் குழாயை அடைச்சாங்க, ரயில்வே திறந்துவிட்டுச்சு. ரயில்வே பக்கம் என்ன நியாயம்னா, மேட்டில் தண்ணி ஒரு பக்கம் மட்டும் ஏறி நின்னா கசிவில் மேடே சரியும், பாதை போயிடும். ஊர்ப் பக்கம் என்ன நியாயம்னு சொல்லவே வேண்டாம். இதில் யாரும் சட்டப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து வேலை செய்யறதில்லை, முதல்ல எந்த ஜேசிபி வருதோ அது ஜெயிக்கும்.

---

தூம்படி

@மண்வெட்டி ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: ஜேசிபி யாரிடம் அதிகம் இருக்கிறது என்பதும் ஒரு கேள்விதானே.

---

மண்வெட்டி

:) அது சரி.

கரை விஷயம் வந்ததால கொஞ்சம் விவரமா எழுதறேன். பலரும் "கரைமேல தண்ணி ஏறினா உடையும்"னு நினைக்கிறாங்க. டுலேரியில் பெரும்பாலும் பிரச்சினை அது இல்லை, அலை.

ஏரி 10, 15 மைல் அகலத்துக்குப் பரந்து கிடக்கும்போது, பள்ளத்தாக்கில் வழக்கமா அடிக்கிற வடமேற்குக் காத்து அந்த நீளம் முழுக்கத் தண்ணியைத் தள்ளிக்கிட்டு வரும். ஆழம் குறைவா இருந்தாலும் அலை எழும்பித் தெற்கு, கிழக்குக் கரைகளை அடியில் அரிக்கும். ஏரித்தரை மண் களியும் வண்டலும். காய்ஞ்சா விரல் நுழையற அளவு வெடிக்கும், நனைஞ்சா கரையும். புல்லும் கிடையாது, கல்லும் கிடையாது. 1969ல் அலையைத் தடுக்கப் பழைய கார்களைக் கொண்டுவந்து கரைச் சரிவில் வரிசையா அடுக்கினாங்க. கேட்கச் சிரிப்பா இருக்கும், ஆனா அந்த நேரத்தில் சுத்துவட்டாரத்தில் கிடைச்ச கனமான பொருள் அதுதான்.

இரண்டாவது எதிரி கசிவு. தரை அணில் வளை தோண்டின கரையில் தண்ணி ஏறினா, மறுபக்கம் அடிவாரத்தில் மணலைக் கக்கிக்கிட்டு ஊத்து கிளம்பும். அப்போ பண்ண வேண்டியது:

- ஊத்து வாயை அடைக்கவே கூடாது. அடைச்சா அழுத்தம் பக்கத்தில் வேற வழி தேடும், சில சமயம் அது கரையோட நடு வயிறா இருக்கும்.
- சுத்தி மணல் மூட்டையை வளையமா அடுக்கணும். உள்ளே தண்ணி தேங்கி மட்டம் ஏறினா வெளியே தள்ளுற அழுத்தம் குறையும்.
- வர்ற தண்ணி தெளிவா ஆகிற உயரம் வரைக்கும் வளையத்தை உசத்தினா போதும். தெளிஞ்ச தண்ணி ஓடட்டும், கலங்கின தண்ணி வந்தாத்தான் கரை உள்ளே கரையுதுன்னு அர்த்தம்.
- வளையத்தில் ஒரு பக்கம் தண்ணி வழிய வாய் விடணும், அங்கே அரிக்காம ஷீட் போடணும்.

கரையை உசத்தறதிலும் ஒரு விஷயம். மண்ணை மேலே கொட்டிட்டுப் போனா அது குவியல், கரை இல்லை. அரை அடி, முக்கால் அடின்னு அடுக்கடுக்காப் போட்டு, ஈரம் பார்த்து, ரோலர் ஓட்டணும். பழைய கரையோட மேல்பரப்பைக் கீறிவிட்டுத்தான் புது மண் போடணும். இல்லேன்னா ரெண்டுக்கும் நடுவில் தண்ணி வழி கண்டுபிடிக்கும். தண்ணி வாசலில் நிக்கும்போது இதுக்கெல்லாம் பொறுமை இருக்காது, அதனாலதான் அவசரக்கரைகள் முதல் சோதனையிலேயே போகுது.

---

கோர்கரன்_கவனி

ஏரித்தரையை ஒட்டிய கோர்கரன் நகரைச் சுற்றி இருக்கும் கரைதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது. நீளம் 14.5 மைல். உள்ளே சுமார் 22,000 பேர். அதில் ஏறக்குறைய 8,000 பேர் இரண்டு மாநிலச் சிறைகளில் இருக்கும் கைதிகள். சிறைகள் 1988லும் 1997லும் திறக்கப்பட்டவை. ஆக அந்த ஊரில் மூன்றில் ஒருவரால் தானாக வண்டியேறி வெளியே போக முடியாது. வெளியேற்றத் திட்டம் போடுகிறவர்களுக்கு இது சாதாரணத் தலைவலி இல்லை.

2017ல் இந்தக் கரையை உயர்த்தினார்கள். 2023ல் பார்த்தால் அந்த உயரம் அங்கே இல்லை. திரும்ப 4 அடி உயர்த்தி, கடல் மட்டத்துக்கு மேல் 192 அடிக்குக் கொண்டுவர மாநில அரசு 1.7 கோடி டாலர் கொடுத்தது. தண்ணீர் கடைசியில் ஊருக்குள் வரவில்லை.

போட்ட மண் ஆறு ஆண்டில் எங்கே போனது என்பதை @கலிங்கு எழுதினால் நன்றாக இருக்கும்.

---

கலிங்கு

மண் அங்கேயேதான் இருக்கிறது. கரையோடு ஊரும் சேர்ந்து இறங்கிவிட்டது.

அந்தப் பகுதிக்கு அடியில் கோர்கரன் களி என்ற அடர்ந்த களிமண் அடுக்கு பரந்து கிடக்கிறது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் பள்ளத்தாக்கையே நிறைத்திருந்த ஒரு மாபெரும் ஏரியின் அடிவண்டல் அது. ஆழ்துளைக் கிணறுகள் அதையும் துளைத்துக் கீழிருக்கும் நீரை உறிஞ்சுகின்றன. நீரழுத்தம் போனதும் களித் துகள்கள் தட்டையாகப் படிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மணலில் இருந்து நீரை எடுத்தால் திரும்ப நிரப்பலாம். களி ஒரு தடவை அமுங்கினால் அமுங்கியதுதான், பிறகு எவ்வளவு நீர் விட்டாலும் பழைய கனத்துக்கு உப்பாது.

கோர்கரன் வட்டாரத்தில் சில இடங்கள் 14 ஆண்டில் 11.5 அடி வரை தாழ்ந்திருக்கின்றன. இப்போது என் முதல் பதிவை வைத்து யோசியுங்கள். கலிங்கு மேடு ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க, கிண்ணத்தின் அடி மட்டும் ஆழமாகிக்கொண்டே போகிறது. அதுவும் சீராக இல்லை. 1983ல் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியதோ அதே பக்கம் 2023ல் ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாய்க்கால்களின் சரிவே சில இடத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. பழைய வெள்ள வரைபடத்தை நம்பி மூட்டை அடுக்கினால் தப்பான இடத்தில் அடுக்குவீர்கள்.

இதில் இன்னொரு பொறி, அளவு மட்டம், அதாவது உயரத்தை எந்த அடிப்படையில் இருந்து அளக்கிறோம் என்பது. பழைய ஆவணங்களில் உள்ள உயரங்கள் 1929 மட்டத்தில். இப்போதைய அளவீடுகள் 1988 மட்டத்தில். இரண்டுக்கும் அந்த வட்டாரத்தில் ஏறக்குறைய இரண்டரை அடி வித்தியாசம் வரும். அதோடு, மட்டக்கல் நட்ட தரையே இறங்கியிருந்தால் அந்தக் கல்லை வைத்து அளந்த எதுவும் நம்பத்தக்கதில்லை. ஆகவே 1862ன் 216 அடியையும் கரையின் 192 அடியையும் நேராகக் கழித்து "24 அடி குறைவு" என்று எழுதாதீர்கள். ஒரு செய்திக்கட்டுரையிலாவது இந்தக் கழித்தல் இல்லாமல் இருந்தால் சந்தோஷப்படுவேன்.

---

வரப்பு

அருமை. அப்படியே ஒரு சின்னக் கேள்வி. நிலத்தடி நீர் காலியாகித்தான் தரை இறங்குகிறது, மேலே ஏரியாகத் தண்ணீர் நிற்கிறது. அதை அப்படியே கீழே இறக்க முடியாதா?

---

கலிங்கு

நின்ற இடத்தில் முடியாது. ஏரித்தரை மேலடுக்கே களி, அதற்குக் கீழும் களி. ஒரு ஆண்டு நின்றாலும் உள்ளே இறங்குவது அற்பம்.

இறக்க வேண்டிய இடம் மேலே, வண்டல் விசிறியின் மணற்பாங்கான நிலம். அங்கே குளிர்காலத்தில் தூங்கும் திராட்சைத் தோட்டத்தில் தண்ணீரைக் கட்டினால் நன்றாக இறங்கும். வட கிளையை ஒட்டிய டெரனோவா பண்ணையில் 2011ல் இப்படித் திராட்சை, பிஸ்தா, குதிரைமசால் வயல்களில் வெள்ளநீரைக் கட்டிப் பார்த்தார்கள், செடிகள் தாங்கின. 2023 மார்ச்சில் ஆளுநர் ஆணை ஒன்று இதற்கான அனுமதி நடைமுறையைத் தளர்த்தியது. சிக்கல் என்னவென்றால் வெள்ளம் வரும் வாரத்தில் மதகு, பம்பு, வாய்க்கால் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். வந்த பிறகு வெட்டி முடிப்பதற்குள் தண்ணீர் கீழே போய்விடும்.

---

நீர்க்கோழி

வடிப்பது பற்றி யாரும் எழுதவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆவியாதல் ஆண்டுக்கு நாலைந்து அடி. மேலோட்டமான இடங்கள் ஒரே கோடையில் காயும், ஆழமான கட்டங்கள் அடுத்த ஆண்டும் நிற்கும். 1983ல் முங்கிய சுமார் 82,000 ஏக்கர் முழுக்கத் தெளிய ஏறக்குறைய இரண்டு ஆண்டானது. 2023 ஏரி வேகமாகச் சுருங்கியது. பாசனத்துக்கே அந்தத் தண்ணீரை இறைத்ததும் ஒரு காரணம், 2024 வசந்தத்துக்குள் சில ஆயிரம் ஏக்கர்தான் மிச்சம்.

1983ல் மேட்டைத் தாண்டி வடக்கே சான் வாக்கீன் ஆற்றுக்குள் பம்பு செய்து பார்த்தார்கள். வம்பு வேறு இடத்தில் வந்தது. ஏரியில் வெள்ளை பாஸ் என்ற வேற்றிட மீன் பெருகியிருந்தது. அது ஆறு விரிகுடாவைச் சேரும் டெல்டாவுக்குள் போனால் சால்மன் குஞ்சுகளைத் தின்றுவிடும் என்று மீன்வளத் துறை எதிர்த்தது. வலைத்தடுப்பு வைத்தார்கள். தடுப்பைத் தாண்டியும் மீன் அகப்பட்டது, பம்பு நின்றது.

அடுத்து பறவைகள். புதிதாக முங்கிய வயல், வெதுவெதுப்பான ஆழமில்லாத நீர், அழுகும் பயிர், ஆக்சிஜன் இல்லாத சேறு. போட்டுலிசம் என்ற நஞ்சைச் சுரக்கும் கிருமிக்கு இதைவிட வசதி வேண்டாம். 1983ல் 30,000 பறவைகளுக்கு மேல் செத்தன. நோய் பரவும் விதம் கொடூரமானது. செத்த வாத்தில் ஈப்புழு பிடிக்கும். புழுவுக்கு நஞ்சு ஏறாது, உடம்பில் சேர்த்துவைக்கும். அந்தப் புழுவில் சிலவற்றைத் தின்ற அடுத்த வாத்து கழுத்தைத் தூக்க முடியாமல் தண்ணீரில் தலை சாய்ந்து மூழ்கிச் சாகும். அதில் மறுபடி புழு. இந்தச் சங்கிலியை அறுக்க ஒரே வழி, புழு வளரும் முன் பிணங்களை அள்ளுவது. கோடையில் அதற்கு மூன்று நாலு நாள்தான் அவகாசம். பெரிய விசிறி வைத்த தட்டைப் படகில்தான் போக முடியும், சாதாரணப் படகின் புரொப்பெல்லர் முங்கிய கம்பி வேலியில் சிக்கும். 2023ல் இந்த அனுபவத்தை வைத்து ஆரம்பத்திலேயே ரோந்து தொடங்கினார்கள்.

பொதுமக்களை அந்தத் தண்ணீரில் இறங்க விடாததற்கும் காரணம் உண்டு. அடியில் மின்கம்பம், டீசல் தொட்டி, பூச்சிமருந்துக் கிடங்கு, பால்பண்ணைச் சாணக்குட்டை எல்லாம் முங்கிக் கிடந்தன.

---

வடதுருவன்

டுலேரியோடு ஒப்பிட வேறு இரண்டு இடங்கள்.

வடக்கு டகோட்டாவின் டெவில்ஸ் லேக். இதுவும் வடிகால் இல்லாத கிண்ணம்தான், ஆனால் வந்துபோகும் கால அளவு வேறு. 1993ல் கடல் மட்டத்துக்கு மேல் 1,422 அடி அளவில் இருந்த நீர்மட்டம் 2011ல் 1,454 அடியைத் தாண்டியது. இயற்கைக் கலிங்கு 1,458ல். சர்ச்ஸ் பெர்ரி என்ற ஊரில் வீடுகளை விலைக்கு வாங்கி ஆட்களை வெளியேற்றினார்கள். ஏரிக்குக் குறுக்கே இருந்த சாலைகளை உயர்த்திக்கொண்டே போனதில் அவை அணையாக மாறிவிட்டன, அணைக்கான வடிவமைப்பு இல்லாமலே. நீரை ஷையென் ஆற்றில் விடப் பம்பு வைத்தபோது சல்பேட் உப்பு அதிகம் என்று கீழ்ப்பகுதிக்காரர்கள் எதிர்த்தார்கள். டுலேரியில் மீன், இங்கே உப்பு. எங்கே போனாலும் வடிக்கப் போனால்தான் சண்டை.

இன்னொன்று அலாஸ்காவின் ஜூனோ. இது முற்றிலும் வேறு வகை. மெண்டன்ஹால் பனியாற்றின் பக்கவாட்டில் சூசைட் பேசின் என்ற பள்ளம், பனியே அணை. கோடையில் நீர் நிரம்பி, பனிக்கட்டியின் கனத்தில் பத்தில் ஒன்பது பங்கு உயரத்தை நெருங்கும்போது பனி மிதக்கப் பார்க்கும். அடியில் சுரங்கம் பிறந்து ஓரிரு நாளில் மொத்தமும் வெளியேறும். 2011ல் இருந்து ஏறக்குறைய ஆண்டுதோறும் நடக்கிறது. மெண்டன்ஹால் ஆற்று மட்டம் 2023ல் 14.97 அடி, 2024ல் 15.99, 2025ல் 16.65. மூன்று ஆண்டும் சாதனை. 2025ல் ஆற்றோரமாக மண் நிரப்பிய கம்பிக்கூடைத் தடுப்பு வைத்ததால் 2024ல் முங்கிய வீடுகளில் பெரும்பாலானவை தப்பின.

டுலேரியில் பனி அளவைப் பார்த்து மாதங்களுக்கு முன்பே சொல்லிவிடலாம். ஜூனோவில் கேமராவையும் அளவுகோலையும் பார்த்துக்கொண்டு நாள் கணக்கில்தான் எச்சரிக்கை.

---

வரப்பு

ஏரி வற்றும் முன் அங்கே இருந்தவர்களைப் பற்றியும் யாராவது எழுதுங்கள்.

---

தூம்படி

டாச்சி யோக்குட் மக்கள். ஏரியை அவர்கள் பாஆஷி என்பார்கள். கோரைத் தக்கையைக் கட்டிப் படகு செய்து மீன்பிடித்தவர்கள். ஏரி ஆண்டுக்கு ஆண்டு மைல்கணக்கில் முன்னேறிப் பின்வாங்கும் என்பது தெரிந்து, நிரந்தரக் கட்டடத்தைத் தாழ்வில் போடாமல் வாழ்ந்தவர்கள். 1850ன் சதுப்புநிலச் சட்டம் இந்த மாதிரி நிலங்களை மாநிலங்களுக்கு எழுதிக்கொடுத்தது, கரை கட்டி வடித்தால் சொந்தம் என்ற கணக்கில் நிலம் கைமாறியது. இன்று அவர்களுக்கு லெமூர் பக்கத்தில் சாண்டா ரோசா ரான்செரியா என்ற பழங்குடி ஒதுக்கீட்டு நிலம் இருக்கிறது. 2023ல் ஏரி வந்தபோது கரையில் போய்ச் சடங்கு செய்தார்கள். ஒரு பகுதியையாவது நிரந்தரமாக ஏரியாக விட வேண்டும் என்று கேட்கிறார்கள்.

நீரியல் கண்ணோட்டத்திலும் அதில் அர்த்தம் இருக்கிறது என்பது என் கருத்து. மிகத் தாழ்ந்த கட்டங்களை விலைக்கு வாங்கி வெள்ளத்துக்கென்றே ஒதுக்கினால், எதை முதலில் நிரப்புவது என்ற சண்டை பாதி குறையும்.

---

மண்வெட்டி

வாங்க யார் காசு கொடுப்பாங்க? வறட்சி வருஷத்தில் அந்த நிலத்தில் தண்ணியே இருக்காது, பறவைக்குக்கூட. பம்பு பண்ணித்தான் நிரப்பணும். அதுக்குத் தண்ணி உரிமை வேற வாங்கணும். முடியாதுன்னு சொல்லலை, செலவைச் சேர்த்துச் சொல்லுங்க.

---

கலிங்கு

செலவை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. 2014ன் நிலத்தடி நீர்ச் சட்டப்படி இந்தப் படுகை போட்ட திட்டம் போதாது என்று 2024 ஏப்ரலில் மாநில நீர் வாரியம் அதைக் கண்காணிப்பு நிலையில் வைத்தது. இறைப்பைக் குறைத்தால் சில நிலங்கள் தரிசாகத்தான் போகும். எந்த நிலம் என்று முன்கூட்டியே தேர்ந்தெடுத்தால் தாழ்ந்த கட்டங்களையே எடுக்கலாம்.

அடுத்த ஏரி எப்போது என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். நான் பார்ப்பது நாலு விஷயம்: ஏப்ரல் 1 தெற்கு சியரா பனி அளவு, அன்றைக்கு பைன் பிளாட்டில் காலியாக இருக்கும் கொள்ளளவு, ஜேம்ஸ் பைபாஸ் ஓட்டம், கோர்கரன் கரையின் அந்த ஆண்டு ஜிபிஎஸ் உயரம். பனி சராசரியின் இரண்டு மடங்கைத் தாண்டி, பைபாஸ் ஏற்கெனவே விநாடிக்கு 4,000 கன அடிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தால் தாழ்ந்த கட்டங்களில் விதைக்க மாட்டேன். கரை உயரத்துக்குப் பழைய எண்ணை எடுக்காதீர்கள், அந்த ஆண்டு அளந்ததை மட்டும் எடுங்கள்.